ஓய்வெடுத்த ரத்தம்

"குளிக்காதே. வீட்டுக்கும் போகாதே. இப்படியே என்கூட வந்து ரத்தம் குடு."

ஷிப்ட் விட்டு கம்பெனி கேட்டைத் தாண்டிய அப்பாவை வழிமறித்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அவரை எது வேணா கேளு. துணி கேளு, போன் கேளு. லீவுக்கு முன்னாடி ரத்தம் குடுன்னு மட்டும் கேட்டுடாதே. அது நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடுற வேலை."

அப்பா சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. பழைய வேட்டி நிறம். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கம்பெனிப் புகைபோக்கியின் வாடை மேலே போகாமல் கேட்டருகிலேயே தேங்கிக் கிடந்தது.

"நாளையிலேர்ந்து எனக்கு லீவு. லீவு முடிஞ்சா கம்பெனியே டெஸ்ட் எடுக்கும். ஓசியில. இப்ப என்ன அவசரம்?"

"ஓய்வெடுத்த ரத்தம் வேண்டாம்ப்பா. உழைச்ச ரத்தம்தான் வேணும்."

பின்னால் வந்த வழுக்கைத் தலைக்காரர் சைக்கிளை நிறுத்தாமலே சத்தம் போட்டார். "என்ன டிகிரி, அப்பனை அரெஸ்ட் பண்ண வந்துட்டியா?" அந்தத் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள், அதற்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. "அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம புதுப்பையன் ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டு விருந்துல அரை கிளாஸ் பீரு குடிச்சிருக்கான். மூஞ்சி மிளகாப்பழமாட்டம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, செத்தேன்னு பாயில விழுந்துட்டானாம். லைன்ல நிக்கிறவனுக்கு ஒரு மொடக்கு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், கேட்டானா?"

"பட்டாத்தான் தெரியும்" என்றார் அப்பா.

"நமக்கெல்லாம் ஓசியில ஊத்தினாலும் குடிக்க முடியாது. பொண்டாட்டிங்க குடுத்துவச்சவளுங்க!" சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அது ரெக்சின் கம்பெனி. சோபாவுக்கும் ஸ்கூல் பைக்கும் ஆகிற போலித்தோல் அங்கே தயாராகிறது. துணி ஓட ஓட அதன்மேல் பசையை ஊற்றி, நீளமான பிளேடால் ஒரே கனத்துக்கு வழித்து, சூட்டறை வழியாக இழுத்தால் மறுமுனையில் தோலாக வந்து சுருளும். பசையைக் கரைக்கிற திரவத்துக்கு டிரம்மின்மேல் நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கும். லைனில் நிற்பவர்களுக்கு அது வெறும் மருந்து. மீன் கழுவிய தண்ணீரின் கவுச்சி அதற்கு. ரோலரில் காய்ந்ததைத் துடைக்க மருந்து, கலர் மாற்றும்போது பிளேடைக் கழுவ மருந்து, வேலை முடிந்து கையைக் கழுவவும் அதே மருந்து. கையுறை பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஆனால் கையுறை போட்டால் பிளேடின் விளிம்பில் ஒட்டிய கடுகளவுக் கட்டி விரலுக்குத் தட்டுப்படாது. தட்டுப்படாவிட்டால் துணி நெடுகக் கோடு விழும். கோடு விழுந்த உருளை கழிவு, கூலியில் பிடிப்பார்கள். அதனால் நல்ல பிளேடுக்காரன் என்றால் வெறுங்கைக்காரன். அப்பா மிக நல்ல பிளேடுக்காரர்.

வருஷத்துக்கு ஒருமுறை லைன்காரர்களுக்கு ஈரல் பரிசோதனை உண்டு. அதற்கு முன்னால் சூப்பர்வைசர் முறைவைத்து இரண்டு வாரம் லீவு கொடுத்துவிடுவார். சம்பளம் இல்லாத லீவுதான். "போய் நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கு, ரத்தம் தெளியட்டும்" என்பார். தெளிந்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மறுநாளே லைன். இதைப் பெரிய மனது என்று எல்லா வீட்டிலும் வாழ்த்தினார்கள். லீவு எடுத்தால் அடுப்பு எரியாது என்று அப்படியே போய் ரத்தம் கொடுத்த ஒருத்தனை, உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லி, அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் பயம் அங்கேயிருந்து வந்தது.

"வாப்பா. பில் போட்டாச்சு."

"போட்டாச்சா? யாரைக் கேட்டுப் போட்டே?"

"யாரையும் கேட்கல."

"திருப்பிக் கேளு."

"போட்ட பில்லைத் திருப்ப மாட்டாங்க. நானே உட்கார்ந்திருக்கிற கவுண்டர். நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு?"

"உன் ஒரு நாள் கூலி."

அப்பா கம்பெனியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளை அவள் பணிபுரியும் லேப் இருக்கும் பக்கமாகத் திருப்பினார். காலைக் கடிக்கிற செருப்பைக்கூட, காசு கொடுத்து வாங்கியாச்சே என்று தேயும்வரை போட்டு நடக்கிற மனுஷன். அது தெரிந்துதான் அவள் முதலில் பில்லைப் போட்டாள்.

லேபின் சுவரில் ஆளுயர விளம்பரம். சிரிக்கிற குடும்பம், முழு உடல் பரிசோதனை, சலுகை விலை. சலுகைக்குப் பிறகும் அது அப்பாவின் ஒரு வாரக் கூலி. ஈரலுக்கு மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களையும் இந்தப் பேக்கேஜுக்குத் தள்ள வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. "எல்லாம் சேர்த்துப் பார்த்துடுங்களேன், பின்னால வருத்தப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதில்லை. "டாக்டர் எழுதினதை மட்டும் எடுங்க, போதும்" என்பாள். மாசாமாசம் அதற்குத் திட்டு வாங்குவாள். அவளுக்கு எரிச்சல் வேறொன்றில். அதே ஊசி, அதே குழாய், அதே மெஷின். தெருவில் இருந்து வருகிறவனுக்கு முழு விலை. மொத்தமாக ஆள் அனுப்புகிற ரெக்சின் கம்பெனிக்குக் கால் விலை. மூன்று வருஷம் வணிகவியல் படித்து அவள் கற்றுக்கொண்டதைவிட அந்த விலைப்பட்டியலில் கற்றுக்கொண்டது அதிகம்.

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. சட்டை கறைபடும் என்று சுவரோரம் நின்றார். கூப்பிட்டபோது நகர்ந்தவர், தலை சுற்றி, விளம்பரக் குடும்பத்தின்மேல் கையூன்றிக்கொண்டார். எதிரே இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் சொன்னாள்: "பொழுது சாயறதுக்குள்ளயே ஏத்திக்கிட்டு வந்துடுதுங்க."

அவள் கவுண்டரிலிருந்து வெளியே வந்தாள். "அவரு எங்கப்பா. வேலையிலேர்ந்து வர்றாரு."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"விடு பாப்பா" என்றார் அப்பா. "அவங்க மூக்கு, அவங்க மூடிக்கிறாங்க."

ரத்தம் எடுக்கிறவனுக்கு அங்கே ஊசி என்று பெயர். ஒல்லி. அவள் வயதுதான். பகலில் இங்கே, இரவு ஓர் ஆஸ்பத்திரி என்று இரண்டு இடத்தில் வேலை.

"கையை நீட்டுங்கப்பா. வலிக்காது. உங்க பொண்ணு பில் போடும்போதுதான் எல்லாருக்கும் வலிக்கும்."

அப்பா சிரித்தபடி நீட்டினார். விரல்நுனிகளில் தோல் வெளுத்து உரிந்து, ரேகை மழுங்கியிருந்தது. ஊசி அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நரம்பைத் தேடினான்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் காத்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஊசி உள்ளேயிருந்து கைகாட்டிக் கூப்பிட்டான்.

"பி.டி. முந்நூத்திப் பன்னெண்டு. ஓ.டி. நூத்தி நாப்பத்தெட்டு. ரெண்டுமே நாப்பதைச் சுத்தி இருக்கணும்."

"மறுபடி ஓட்டு."

"ஓட்டிட்டேன். அதே நம்பர்தான்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தினமும் நூறு பேருக்கு இந்த எழுத்துகளை அச்சடித்துக் கொடுக்கிறாள். அவற்றின் அர்த்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க அவசியப்படவில்லை.

"இது என்னன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. இங்கிலீஷ்ல சொன்னே, அறைஞ்சிடுவேன்."

"அரிசி மூட்டைன்னு வச்சுக்கோ. ஈரல்தான் மூட்டை. பி.டி.யும் ஓ.டி.யும் அதுக்குள்ள இருக்கிற நொதி, அதுதான் அரிசி. உள்ள இருக்கிறவரைக்கும் வெளிய தெரியாது. ரோட்டுல அரிசி சிந்திக் கிடந்தா, மூட்டை எங்கேயோ கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். ரத்தம்தான் ரோடு."

"யாரு கிழிச்சா?"

"அதை அரிசி சொல்லாது. கிருமியா இருக்கலாம், கொழுப்பா இருக்கலாம், மாத்திரையா இருக்கலாம், குடியா இருக்கலாம்."

"எங்கப்பா குடிக்க மாட்டாரு."

"நான் குடிச்சாருன்னு சொன்னேனா? குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஓ.டி.தான் மேல நிக்கும், பி.டி. கீழ இருக்கும். இவருக்குத் தலைகீழ். ஆனா அதை வச்சு சத்தியம் பண்ண முடியாது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஸ்கேன் எடுக்கணும், கிருமி டெஸ்ட் பார்க்கணும், என்ன வேலைன்னு அவரு கேட்கணும். கேட்கலைன்னா நீயா சொல்லணும்."

"போன வருஷம் கம்பெனி எடுத்தப்ப நாப்பத்திமூணுதான் இருந்துச்சு. நான்தான் அச்சடிச்சேன். நல்லாருக்குப்பான்னு வீட்டுல போய்ச் சொன்னேன்."

"ரெண்டு வாரம் லைன் பக்கம் போகாம இருந்தா இறங்கத்தான் செய்யும். கிழிக்கிறதை நிறுத்தினா சிந்துறதும் நிக்கும். சிந்தினதையும் உடம்பு கூட்டிப் பெருக்கிடும்."

"இறங்கிட்டா சரியாயிட்டதுன்னுதானே?"

ஊசி பஞ்சை எடுத்து மேஜையைத் துடைத்தான். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

"சரியாகியும் இருக்கலாம். இல்லேன்னா... மூட்டை காலியாயிட்டாலும் சிந்தாதில்ல. சிந்த என்ன இருக்கும்?"

அவள் நிமிர்ந்தாள். "நெட்டை மாமா."

"யாரு?"

"எங்கப்பாகூட பிளேடுல நின்னவரு. அதுக்கு முந்தின வருஷம் அவருக்கு நம்பர் முப்பத்தாறு. லைன்லயே எனக்குத்தான் கம்மின்னு மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு. நாலஞ்சு மாசத்துல செத்துட்டாரு. குடின்னாங்க."

ஊசி அடுத்த குழாயை உள்ளே வைத்தான். மெஷின் அடுத்தவர் ரத்தத்தை எடுத்துச் சுற்றத் தொடங்கியது.

வீட்டுக்குப் போனபோது அம்மா முன்னறையில் தையல் மெஷினில் இருந்தாள். ஸ்கூல் பைக்கு வார் தைக்கிற வேலை. ஆர்டர் எடுத்தவர் ரெக்சினை வெட்டிக் கொண்டுவந்து போடுவார். அப்பா குளித்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். கிண்ணத்தை வாங்குவார், சூடு ஆறும்வரை பிடித்திருப்பார், போதும் என்பார்.

"முந்நூத்திப் பன்னெண்டு" என்றாள். "நாப்பது இருக்கணும்."

மெஷின் நிற்கவில்லை. அம்மா தைத்துக்கொண்டே பேசினாள். "நான் சொன்னேனா இல்லையா? கேட்காதேன்னேன். இப்ப நிம்மதியா? அந்த நம்பரை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே, வறுத்துத் தின்னப் போறியா?"

"லைனுக்குப் போக வேண்டாம்னு சொல்லப் போறேன்."

"போகாம?"

"வேற வேலை பார்க்கட்டும்."

"இந்த வயசுல உங்கப்பாவுக்கு எவன் வேலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்? உன் சம்பளம் வாடகைக்கு வந்து போயிடுது. மிச்சத்துக்கு நான் வார் தைக்கிறேன். ஒரு பைக்கு என்ன தர்றான்னு உனக்குத் தெரியும்."

"பாப்பா" என்றார் அப்பா. "ரெண்டு வாரம் லீவுதானே. இறங்கிடும். வருஷாவருஷம் இறங்குதில்ல."

"அதான்ப்பா பயமா இருக்கு."

மூட்டைக் கதையைச் சொன்னாள். சிந்துவது, பெருக்குவது, காலியாவது. சொல்லும்போதே, கேட் வாசலில் கேட்ட சிரிப்பு மண்டைக்குள் எங்கேயோ இடறிக்கொண்டிருந்தது. வாக்கியத்தின் நடுவே நிறுத்தினாள்.

"லைன்ல நிக்கிறவன் எப்படிப்பா குடிப்பான்?"

"எவன்?"

"நெட்டை மாமா. அரை கிளாஸ் உள்ள போனா மூஞ்சி செவந்து பாயில விழுந்துடுவாங்கன்னு இன்னிக்குத்தானே கேட்டுல வழுக்கைக்காரரு சொல்லிச் சிரிச்சாரு. பட்டாத்தான் தெரியும்னு நீயும் சொன்னே. நெட்டை மாமா உனக்கு முன்னாலேர்ந்து லைன்ல நின்னவரு. அவரு எப்படிக் குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து செத்தாரு?"

இப்போது மெஷின் நின்றது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "என்ன சொல்றா இவ? லைன்காரங்களுக்குக் குடி ஆகாதா?"

அப்பா கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"ஆகாது. மருந்து உடம்புல இருந்தா சாராயத்தை உடம்பு ஏத்துக்காது. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. செத்தவரு பொண்டாட்டிக்கும் தெரியாதே. ஆஸ்பத்திரியில குடின்னுதானே எழுதினாங்க?"

"எழுதினாங்க."

"யாரு சொல்லி எழுதினாங்க?" இதைக் கேட்டது மகள்.

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், பிளேடின் விளிம்பைத் தடவுகிற மாதிரி.

"டாக்டர் கேட்டாரு, குடிப்பாரான்னு. அவனால பேச முடியல. வயிறு பானையாட்டம் வீங்கியிருக்கு. என்னைப் பார்க்கிறான். பின்னாடி சூப்பர்வைசர் நிக்கிறாரு. வண்டியில வரும்போதே சொல்லிட்டாரு, வேலையாலன்னு ஒரு எழுத்து ஏறிச்சுன்னா லைனை இழுத்து மூடிடுவாங்க, அத்தனை பேரும் தெருவுலன்னு. நீ அப்ப கடைசி வருஷம். பரீட்சைக்குக் கட்டணும்."

"அதனால?"

"ஆமா சார், குடிப்பான்னேன்."

"மாமா?"

"தலையை ஆட்டினான். ஆமான்னு. அவனே ஆட்டினான் பாப்பா. எல்லாரும் நல்லாருக்கட்டும்னுதான் ஆட்டினான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் பேச்சு வந்தது. "பாவி. நானும் பாவி. பொணத்து முன்னாடி நின்னு அவ காறித் துப்பினாளே. பாட்டிலோட புதைங்கடான்னு கத்தினாளே. அழாதடி, இனிமேயாவது நிம்மதியா இருன்னு நான்தானே அவ தோளைத் தட்டினேன். இன்னி வரைக்கும் அந்த மனுஷன் போட்டோவை அவ சுவத்துல மாட்டல."

அம்மா கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நானும் உங்க வாயை மோந்து பார்த்திருக்கேன்" என்றாள் அம்மா. "நீங்க தூங்கும்போது. தலை சுத்துதுன்னு தள்ளாடிக்கிட்டு வருவீங்களே, அப்பல்லாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்டா பொய் சொல்வீங்கன்னுதான் மோந்து பார்த்தேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அவள் எழுந்துபோய் அப்பாவின் ஆறிப்போன கஞ்சியைச் சூடாக்கினாள்.

மகளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. கம்பெனிமேல், சூப்பர்வைசர்மேல், தலையை ஆட்டிய மாமாமேல், கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷன்மேல். எல்லாவற்றுக்கும் கடைசியில், அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற தன் பட்டச் சான்றிதழின்மேல். அதை எடுத்துக் கிழித்துவிட்டால் யாருக்காவது பிரயோசனம் உண்டா? இல்லை. அதனால் அதை விட்டுவிட்டாள்.

லீவு நாட்கள் வீட்டில் திருவிழா மாதிரிதான் போயின. அதுதான் கொடுமை. முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் பசித்தது. ஒழுகுகிற கூரையில் தகரம் வைத்து அடைத்தார். அம்மாவின் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். கண் கொஞ்சம் வெளுத்தது. ஒருநாள் மத்தியானம் சாதம் தீர்ந்ததும் தட்டைத் தட்டி, "இன்னும் இருக்கா?" என்றார். அம்மா தன் பங்கைக் கவிழ்த்துக் கொட்டினாள். அப்பா அதையும் தின்றார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனுஷனுக்கு இப்படிப் பசிக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. லைன் இல்லாவிட்டால் அப்பா இப்படித்தான் இருப்பார். வருஷத்தில் இரண்டு வாரம் மட்டும் அவர்களுக்கு இந்த அப்பா.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துப் போனாள். இளம் டாக்டர், எதிரே நீளமான வரிசை. தாளைப் பார்த்துவிட்டு நிமிராமலே, "குடியை விடணும்" என்றார்.

"குடிக்க மாட்டாரு. ரெக்சின் கம்பெனியில கரைசல்ல கைவைக்கிற வேலை. எழுதிக்கோங்க."

டாக்டர் இப்போது நிமிர்ந்தார். விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "அந்த வேலையை விட்டாகணும். விட்டா இது தேறும். இன்னும் நேரம் இருக்கு. விடலைன்னா நான் எழுதிக் குடுக்கிற எதுவும் உதவாது."

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "நல்ல டாக்டர். மாத்திரைகூட எழுதல. காசு மிச்சம்."

கம்பெனிப் பரிசோதனை அன்று, அந்த முறைக்கு லீவு முடித்த லைன்காரர்கள் லேபில் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் தலைசீவி, சலவைச் சட்டை போட்டு, தெளிந்த முகத்தோடு இருந்தார்கள். ஊசியிடம் கையை நீட்டி ஒருத்தரை ஒருத்தர் கிண்டலடித்தார்கள். அப்பாவுக்கு நாற்பத்தேழு. வழுக்கைக்காரருக்கு முப்பத்தொன்பது.

"எனக்குத்தான் கம்மி! மிட்டாய் எங்க டிகிரி?" என்றார் அவர்.

அவள் மேனேஜரிடம் போனாள். "சார், லீவு போடாம எடுத்தா எங்கப்பாவுக்கு முந்நூறு. இவங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். லீவுக்கு அப்புறம் எடுத்ததுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி போடலாம்ல?"

மேனேஜர் கதவைச் சாத்தினார். "வந்த ரத்தத்தைப் பார்த்து வந்த நம்பரைக் குடுக்கிறோம். அதுக்கு முன்னாடி அவன் தூங்கினானா, உழைச்சானா, அது நம்ம வேலை இல்லம்மா. அந்தக் கம்பெனி போச்சுன்னா உன் சீட்டும் போகும், என் சீட்டும் போகும். படிச்ச பொண்ணு, புரிஞ்சு நடந்துக்கோ."

அவள் புரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை. ராத்திரி பெய்த மழையில் தெரு ஈரமாக இருந்தது. அப்பா வேலைச் சட்டை போட்டிருந்தார். அம்மா துவைத்துத் துவைத்துத் துணி நைந்துவிட்டது, கவுச்சி மட்டும் போகவில்லை. சைக்கிளை வாசலில் நிறுத்தி, டிபன் தூக்கை மாட்டினார். உள்ளே அம்மா தைக்கத் தொடங்கியிருந்தாள்.

மகள் செருப்பை மாட்டினாள்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? லேப் இன்னும் திறந்திருக்காதே."

"லேபுக்குப் போகல. அத்தை வீட்டுக்குப் போறேன்."

எந்த அத்தை என்று அப்பா கேட்கவில்லை. அந்தத் தெருவில் அவளுக்கு ஒரே அத்தைதான், நெட்டை மாமாவின் மனைவி. இப்போது ஒரு ஹாஸ்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"என்ன சொல்லப் போறே?"

"மாமா குடிக்கலைன்னு."

"பாப்பா." அப்பா சைக்கிள் சீட்டின்மேல் கையூன்றினார். "அவ ஆறிப்போயிட்டா. ஆறின புண்ணைக் கிளறாதே."

"ஆறல. அழுகிக் கிடக்கு."

"அவ வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டா. மத்தியானத்துக்குள்ள வீடு வீடாப் போய்ச் சொல்லுவா. அப்புறம் லைனு நின்னுடும். என்னை விடு, அத்தனை பேரு..."

"அத்தனை பேரு பொண்டாட்டியும் ராத்திரியில வாயை மோந்து பார்த்துக்கிட்டு இருக்காங்கப்பா."

"உன் வேலையும் போயிடும்."

"தெரியும்."

"அவ என் மூஞ்சியில துப்புவா."

துப்பத்தான் துப்புவாள். அப்பா அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் காட்சியை அவள் மனதுக்குள் சில நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் தட்டைத் தட்டி இன்னும் இருக்கா என்று கேட்ட மத்தியானத்திலிருந்து.

"நீ சொன்னேன்னு நான் சொல்லட்டுமா, நீயே வந்து சொல்றியா?"

அப்பா டிபன் தூக்கைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே மெஷின் நின்றது. இனி அம்மா ஓடி வந்து கையைப் பிடித்து இழுப்பாள், நம்ம சோத்துல மண்ணு என்று ஒப்பாரி வைப்பாள் என்று மகள் காத்திருந்தாள்.

அம்மா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவளுக்கு ஹாஸ்டல் பஸ் வந்துடும். நின்னுக்கிட்டு இருக்காதே. போ."

அவள் ரிப்போர்ட் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தைக்கு நம்பர் தேவையில்லை. வாசலை அடைத்து நின்ற சைக்கிளை ஓரமாக நகர்த்தி ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். அப்பா டிபன் தூக்கோடு அங்கேயே நின்றார்.

தெருமுனை திரும்பும்வரை அம்மாவின் மெஷின் சத்தம் மறுபடி கேட்கவில்லை.